இரண்டு பாட்டும் ஒரே துடிப்பில்

ஒரு பாட்டு ஓடிக்கொண்டிருக்கும்போதே அடுத்த பாட்டு அதற்குள் நுழைந்துவிடுகிறது. ஆடுகிறவர்களின் கால் ஓரிடத்திலும் தடுமாறுவதில்லை. அரை நிமிடம் கழித்துக் கேட்டால் முதல் பாட்டைக் காணோம். இரண்டாவது மட்டும் ஒலிக்கிறது. டிஜே கலையைக் கற்க வருகிறவர் முதலில் பழக வேண்டியது இந்த மாற்றத்தைத்தான். இதைப் பீட் மேட்சிங் என்பார்கள், துடிப்பிணைப்பு எனலாம். இரு பாட்டுகளின் காலப்பிரமாணத்தையும் ஒன்றாக்கி, ஒன்றின் துடிப்பு மற்றதன் துடிப்பின் மேல் சரியாக விழும்படி செய்வதே வேலை.

கேட்க எளிதாகத் தோன்றும் இந்த வேலைக்குள் ஒரு புதிர் இருக்கிறது. மனிதக் காது வேகத்தை அளப்பதில் அவ்வளவு கூர்மையானதன்று. சீரான தட்டல்களை ஒரு வேகத்தில் கேட்கவைத்து, பிறகு சற்றே மாறிய வேகத்தில் கேட்கவைத்து, எது விரைவு என்று சொல்லச் சொன்ன ஆய்வு ஒன்றைக் கரோலின் டிரேக், மரி-கிளேர் பொத் இருவரும் 1993-ல் வெளியிட்டனர். சாதகமான சூழலில்கூட ஏறத்தாழ 2 விழுக்காட்டுக்குக் குறைந்த வேறுபாட்டைக் கேட்பவர்களால் நம்பகமாகப் பிடிக்க முடியவில்லை. ஆனால் இரு பாட்டுகள் அரை நிமிடமாவது பிசகாமல் சேர்ந்து ஓட வேண்டுமானால், அவற்றின் வேகம் 0.1 விழுக்காடு அளவுக்கு ஒத்திருக்க வேண்டும். அதாவது, வேலைக்கு வேண்டிய நுட்பம் காதுக்கு இருப்பதைப்போல 20 மடங்கு. அப்படியிருந்தும் எந்தக் கருவியின் துணையும் இல்லாமல் காதை மட்டும் நம்பி ஆயிரக்கணக்கானோர் இதைச் செய்துவந்திருக்கிறார்கள். எப்படி?

விடைக்குப் போகுமுன் ஓர் அளவை அறிய வேண்டும். பாட்டின் வேகம் நிமிடத்துக்கு எத்தனை துடிப்பு என்று கணக்கிடப்படுகிறது, சுருக்கமாக பிபிஎம். ஹவுஸ் இசை பெரும்பாலும் 120 முதல் 130 பிபிஎம் வரை ஓடும். டிரம் அண்ட் பேஸ் 170-ஐ ஒட்டிப் பாயும். 120 பிபிஎம் என்றால் இரு துடிப்புகளுக்கு இடையே அரை வினாடி, அதாவது 500 மில்லி வினாடி.

இனி, 120-ல் ஓடும் பாட்டோடு 121-ல் ஓடும் பாட்டு சேர்கிறது என்று கொள்வோம். வேறுபாடு 0.8 விழுக்காடு. ஒன்றன்பின் ஒன்றாகக் கேட்டால் இரண்டும் ஒரே வேகம் என்றே காது சொல்லும். சேர்ந்து ஓடும்போது கதையே வேறு. ஒவ்வொரு துடிப்பிலும் வேகமான பாட்டு ஏறக்குறைய 4 மில்லி வினாடி முந்துகிறது. அந்த 4 அழிந்துபோவதில்லை. அடுத்த துடிப்பில் 8, அதற்கடுத்து 12 என்று சேர்ந்துகொண்டே போகிறது. மூன்று வினாடிக்குள் இடைவெளி 25 மில்லி வினாடியை எட்டும்போது, ‘டும்’ என்று ஒன்றாகக் கேட்ட முரசொலி ‘ட-டும்’ என்று இரண்டாக உடையத் தொடங்கும்.

சிக்னலில் முன்னும் பின்னும் நிற்கும் இரு வண்டிகளின் இண்டிகேட்டர் விளக்குகளில் இதைக் கண்ணாலேயே பார்க்கலாம். சில வினாடிகள் இரண்டும் சேர்ந்து சிமிட்டும்; பிறகு கொஞ்சங்கொஞ்சமாக விலகி, ஒன்று எரியும்போது மற்றது அணையும்; மறுபடி நெருங்கிச் சேரும். தனித்தனியே பார்த்தால் எது வேகம் என்று யாராலும் சொல்ல முடியாது. விலகலைப் பார்த்தால் உடனே தெரியும். துடிப்பிணைப்பின் இரகசியமும் இதுவே. டிஜே வேகத்தை அளப்பதில்லை. வேகப் பிழை துளித்துளியாகச் சேர்ந்து, காதுக்கு எட்டும் விலகலாக வளரும்வரை காத்திருக்கிறார். 1 விழுக்காட்டுப் பிழை இரண்டரை வினாடியில் தன்னைக் காட்டிக்கொடுக்கும், 0.1 விழுக்காட்டுப் பிழைக்கு 25 வினாடி வேண்டும். நேரத்தைக் கொடுத்து நுட்பத்தை வாங்கும் பேரம் இது.

இதிலிருந்து இரண்டு வகைப் பிழைகள் பிரிந்து வருகின்றன. இரு பாட்டும் வெவ்வேறு விரைவில் ஓடுவது வேகப்பிழை. விரைவு ஒன்றாகவே இருந்தும், ஒன்று சற்று முன்னதாகவோ பின்னதாகவோ தொடங்கியிருப்பது இடப்பிழை. இடப்பிழை அதே அளவில் நிற்கும். வேகப்பிழை வளர்ந்துகொண்டே போகும். இவற்றைத் திருத்தும் கருவிகளும் வேறு. இசைத்தட்டு சுழலியின் ஓரத்தில் மேலும் கீழும் நகரும் பிட்ச் ஸ்லைடர் வேகத்தை மாற்றும். தட்டின் விளிம்பை விரலால் மெல்லத் தள்ளுவதோ உரசித் தாமதப்படுத்துவதோ இடத்தை மட்டும் மாற்றும்; விரலை எடுத்ததும் பழைய வேகம் திரும்பிவிடும்.

மனித மூளையிலும் இந்த இரண்டு திருத்தங்களும் தனித்தனியே நடக்கின்றன என்பது விரல் தட்டும் சோதனைகளில் தெரியவந்தது. அமெரிக்காவின் ஹாஸ்கின்ஸ் ஆய்வகத்தில் புரூனோ ரெப் இத்தகைய சோதனைகளைப் பல ஆண்டுகள் நடத்தினார். சீரான தட்டொலியைக் கேட்டுக்கொண்டே அதனுடன் விரலால் தட்ட வேண்டும். இடையில் ஓர் ஒலியை மட்டும், கேட்பவர் உணர முடியாத அளவுக்குச் சற்றே நகர்த்திவைப்பார்கள். நகர்ந்தது தெரியாமலேயே அடுத்த தட்டில் விரல் தானாகத் திருத்திக்கொள்ளும். ஆனால் முழு வேகமும் மாறினால், அதற்கு ஏற்ப உள்ளுக்குள் ஓடும் தாளத்தை மாற்றிக்கொள்ள விழிப்பான கவனம் பெருமளவு தேவைப்பட்டது.

புதிதாகக் கற்பவர் இடறும் இடத்தை இது விளக்குகிறது. விலகல் கேட்டதும் தட்டைத் தள்ளுவது இயல்பாக வந்துவிடுகிறது. சரியாகிவிட்டது என்று நிம்மதியாக இருக்கும்போது பத்து வினாடியில் மறுபடி விலகும், மறுபடி தள்ளுவார். இடத்தைத் திருத்தித் திருத்தி வேகப்பிழையை மூடி மறைத்துக்கொண்டிருக்கிறார் என்பது அவருக்குப் புலப்படுவதில்லை. ஒரே திசையில் இரண்டாம் முறையும் தள்ள வேண்டிவந்தால் கை ஸ்லைடருக்குப் போக வேண்டும் என்பது பயிற்சியின் முதல் விதி.

ஸ்லைடரை எவ்வளவு நகர்த்துவது? இங்கே பாதியாக்கும் முறை கைகொடுக்கும். டிஜேக்கள் பெரிதும் பயன்படுத்திய சுழலிகளில் ஸ்லைடர் வேகத்தை 8 விழுக்காடு கூட்டவும் 8 விழுக்காடு குறைக்கவும் விடும். மொத்தப் பரப்பு 16. புதிய பாட்டு பின்தங்கினால் ஏற்ற வேண்டும். அளவு மீறி முந்திவிட்டால், வந்த தூரத்தில் பாதி இறக்க வேண்டும். ஒவ்வொரு முறையும் பிழை ஒளிந்திருக்கும் பரப்பு பாதியாகக் குறுகும். இப்படி எட்டு முறை பாதியாக்கினால் 16 விழுக்காடு 0.1-க்கும் கீழே வந்துவிடும். கடைசிச் சில திருத்தங்களுக்குத்தான் நெடுநேரம் பிடிக்கும், ஏனெனில் சிறிய பிழை வெளிப்படவே அதிக நேரமாகும்.

முந்துவது எது, பிந்துவது எது என்று அறிவதுதான் தொடக்கத்தில் பெரும்பாடு. அமெரிக்க உளவியலாளர் ஐரா ஹெர்ஷ் 1959-ல் காட்டியபடி, இரு குறு ஒலிகள் ஓரிரு மில்லி வினாடி விலகினாலே அவை ஒன்றல்ல என்று காது உணரும். ஆனால் எது முதலில் வந்தது என்று சொல்ல ஏறத்தாழ 20 மில்லி வினாடி இடைவெளி வேண்டும். ஆகவே ‘ஏதோ தப்பு’ என்ற உணர்வு முன்னதாகவே வந்துவிடுகிறது. தப்பின் திசை பிறகுதான் தெரிகிறது. இந்த இடைப்பட்ட இருட்டில் கற்பவர்கள் கையாளும் வழி, துணிந்து ஒரு பக்கம் தள்ளிப் பார்ப்பது. விலகல் கூடினால் திசை தவறு, குறைந்தால் சரி. ஒரே பாட்டின் இரு பிரதிகளை ஓடவிட்டு, வேண்டுமென்றே ஒன்றை முந்தவும் பிந்தவும் விட்டுக் கேட்டுப் பழகுவது இதற்கு நல்ல பயிற்சி. பாட்டு ஒன்றே என்பதால் விலகலைத் தவிர வேறெதுவும் கவனத்தைக் கலைக்காது.

இந்தக் கலை நியூயார்க்கில் வடிவம் பெற்றது. அங்கே பழைய தேவாலயக் கட்டடம் ஒன்றில் இயங்கிய சாங்சுவரி என்ற நடன அரங்கில், 1970-ஐ ஒட்டிய ஆண்டுகளில் பிரான்சிஸ் கிராசோ இரு பாட்டுகளின் துடிப்பைச் சேர்த்து ஓட்டிப் பேர் பெற்றார். 1973 ஆகஸ்ட் 11 அன்று பிராங்க்ஸ் பகுதியின் செட்விக் அவென்யூவில் நடந்த விருந்தில் டிஜே கூல் ஹெர்க் இசைத்தட்டுகளை இயக்கினார். பாட்டின் நடுவே தாளம் மட்டும் ஒலிக்கும் சிறு பகுதியை, ஒரே தட்டின் இரு பிரதிகளைக் கொண்டு திரும்பத் திரும்ப நீட்டிக்கும் அவருடைய முறையிலிருந்து ஹிப் ஹாப் பிறந்தது. கிராண்ட்மாஸ்டர் ஃபிளாஷ் அதற்குத் துல்லியம் சேர்த்தார். மின்னணுவியல் படித்த அவர், தட்டின்மீது மெழுகுக் குச்சியால் குறியிட்டு, எத்தனை சுற்றுப் பின்னால் சுழற்றினால் அதே இடம் வரும் என்று கணக்கு வைத்துக்கொண்டார். நிமிடத்துக்கு 33⅓ சுற்றுச் சுழலும் தட்டுக்கு ஒரு சுற்று 1.8 வினாடி; ஆகவே தட்டின்மேல் ஒரு கோணம் என்பது குறிப்பிட்ட ஒரு கால அளவு.

கையால் தட்டைப் பிடிக்கவும் விடவும் வேண்டுமானால் கருவியும் ஒத்துழைக்க வேண்டும். பழைய சுழலிகளில் மோட்டாரின் சுழற்சி ரப்பர் பெல்ட் வழியாகத் தட்டுமேடைக்குப் போனது. கையால் தடுத்தால் பெல்ட் இழுபடும். விட்டதும் பழைய வேகத்துக்கு வரத் தாமதமாகும். 1972-ல் வந்த டெக்னிக்ஸ் எஸ்எல்-1200 சுழலியில் மோட்டாரே நேராக மேடையைச் சுழற்றியது. 1979-ல் வந்த அதன் எம்கே2 வடிவத்தில் குவார்ட்ஸ் படிகம் வேகத்தை நிலைநிறுத்தியது. நின்ற நிலையிலிருந்து முழு வேகத்தை எட்ட அதற்கு 0.7 வினாடி போதும். மேடைக்கும் தட்டுக்கும் நடுவே வழுக்கும் கம்பளித்துணி வட்டம் ஒன்றை வைப்பார்கள். விரல் தட்டைப் பிடித்து நிறுத்தியிருக்க, அடியில் மேடை முழு வேகத்தில் சுழன்றுகொண்டே இருக்கும். விரலை விட்ட கணத்தில் தட்டு வேகம் பிடிக்கும்.

மேடையின் விளிம்பில் வரிசையாகப் புள்ளிகளும் அவற்றின்மேல் விழும் சிறு விளக்கொளியும் உண்டு. விளக்கு சீரான கால இடைவெளியில் மின்னி மின்னி அணைகிறது. வினாடிக்கு 100 முறை மின்னும் விளக்கின் கீழ் 180 புள்ளிகள் கொண்ட மேடை 33⅓ வேகத்தில் சுழன்றால், ஒவ்வொரு மின்னலிலும் ஒரு புள்ளி இருந்த இடத்தில் அடுத்த புள்ளி வந்து நிற்கும். புள்ளிகள் அசையாமல் நிற்பதுபோல் தெரியும். வேகம் 0.1 விழுக்காடு கூடினால் அவை பத்து வினாடிக்கு ஒரு புள்ளி அளவு முன்னோக்கி ஊரும். சேரும் பிழையைக் காது கேட்டறிவதுபோல இங்கே கண் பார்த்தறிகிறது.

கேட்கும் இடமும் முக்கியம். டிஜே ஒரு காதில் ஹெட்போனை வைத்து வரப்போகும் பாட்டைக் கேட்கிறார். மறுகாதால் அரங்கில் ஓடும் பாட்டைக் கேட்கிறார். ஒலி காற்றில் வினாடிக்குச் சுமார் 343 மீட்டர்தான் செல்லும். அரங்கின் பெரிய ஒலிபெருக்கி 10 மீட்டர் தள்ளி இருந்தால் அதன் ஒலி 29 மில்லி வினாடி தாமதித்து வரும். ஹெட்போன் ஒலிக்கோ அந்தத் தாமதமே இல்லை. இரண்டையும் ஒப்பிட்டு இணைத்தால் காதுக்குச் சரியாகக் கேட்கும் இணைப்பு, அரங்கில் ‘ட-டும்’ என்று உடைந்து ஒலிக்கும். அதனால்தான் டிஜே மேசைக்குப் பக்கத்திலேயே மானிட்டர் என்ற சிறு ஒலிபெருக்கி வைக்கப்படுகிறது. அது இல்லாத இடத்தில் இரு பாட்டையும் ஹெட்போனுக்குள்ளேயே சேர்த்துக் கேட்பது பாதுகாப்பான வழி.

துடிப்பு சேர்ந்தாலும் பாட்டு சேர்ந்துவிடாது. நடன இசையில் நான்கு துடிப்பு ஓர் ஆவர்த்தனம். பெரும்பாலும் எட்டு ஆவர்த்தனம், அதாவது 32 துடிப்பு, ஒரு பத்தி. 120 பிபிஎம்மில் ஒரு பத்தி 16 வினாடி. புதிய வாத்தியம் நுழைவதும் முரசு நிற்பதும் குரல் தொடங்குவதும் பெரும்பாலும் பத்தியின் முதல் துடிப்பில்தான். முதல் பாட்டின் பத்தி முடியும் இடத்தில் இரண்டாவதன் பத்தி தொடங்கும்படி விட்டால், இரண்டும் ஒரே இசையமைப்பாளர் எழுதியதுபோல ஒழுகும். 32 துடிப்பை விரல்விட்டு எண்ணாமலே எப்போது திருப்பம் வரும் என்று உடம்பு அறியும்வரை கேட்டுப் பழகுவது பயிற்சியின் பெரும்பகுதி.

அடுத்தது, இரு ஒலிகளை ஓர் ஒலிபெருக்கிக்குள் பொருத்துவது. தாழ்ந்த ஒலிகளில்தான் நெருக்கடி. நடன இசையின் முரசில் 50 ஹெர்ட்ஸை ஒட்டிய அதிர்வு வலுவாக இருக்கும். அத்தகைய அலை ஒரு முறை ஏறி இறங்க 20 மில்லி வினாடி. இரண்டு முரசொலிகள் 10 மில்லி வினாடி விலகினால் ஒன்றின் மேடு மற்றதன் பள்ளத்தில் விழுந்து இரண்டும் தேய்ந்துபோகும். காதுக்கு விலகல் தனியாகத் தெரியாத நிலையிலும் முரசு சோகை பிடித்து ஒலிப்பது இதனால்தான். அனுபவப்பட்டவர்கள் அந்தச் சோகையையே பிழையின் அறிகுறியாகக் கொள்கிறார்கள். நிரந்தரத் தீர்வு, இரு பாட்டையும் கலக்கும் மிக்ஸரில் இருக்கும் ஈக்யூ குமிழ். வரும் பாட்டின் பேஸை, அதாவது தாழ்ந்த ஒலிகளை, முழுக்கக் குறைத்து உள்ளே விட்டு, பத்தி மாறும் துடிப்பில் பழையதன் பேஸை இறக்கிப் புதியதன் பேஸை ஏற்றுவார்கள். எந்தக் கணத்திலும் அடித்தளத்தில் ஒரு முரசு மட்டுமே இருக்கும்.

கிராஸ்ஃபேடர் என்ற குறுக்கு நகர்த்தியிலும் ஒரு நுணுக்கம் உண்டு. அது நடுவில் இருக்கும்போது இரு பாட்டின் மின் அலையும் பாதிப்பாதியாக இருந்தால் போதும் என்று தோன்றும். அலையின் உயரம் பாதியானால் அதன் திறன் கால் பங்காகிவிடும். இரு கால் பங்குகள் சேர்ந்து அரைப் பங்குதான். மாற்றத்தின் நடுவே ஓசை அமுங்கிப்போகும். அதனால் நீண்ட கலப்புக்கான மிக்ஸர்களில் நடுப்புள்ளியில் ஒவ்வொன்றும் ஏறத்தாழ 0.7 பங்கு இருக்கும்படி வளைவை அமைக்கிறார்கள், 0.7-ன் திறன் ஏறத்தாழப் பாதி.

வேகத்தை மாற்றினால் சுருதியும் மாறும் என்பது இசைத்தட்டின் இயல்பு. வேகம் 6 விழுக்காடு கூடினால் சுருதி ஏறக்குறைய அரைச் சுரம் ஏறும். கணினியிலும் இன்றைய டிஜே கருவிகளிலும் சுருதியை நிறுத்திவைத்து வேகத்தை மட்டும் மாற்றும் வசதி உண்டு. ஒலி மிகச் சிறிய துண்டுகளாக வெட்டப்படுகிறது. துண்டுகளின் விளிம்புகளை ஒன்றின்மேல் ஒன்று ஏற்றி அடுக்கும்போது, கூடுதலாக நெருக்கினால் பாட்டு விரையும், தளர்த்தினால் நீளும். துண்டுக்குள்ளே அதிர்வு மாறாததால் சுருதி கெடாது. மிகையாக இழுத்தால் மட்டும் முரசின் கூர்மை மழுங்கும்.

பாட்டின் பிபிஎம்மையும் இன்று மென்பொருளே சொல்லிவிடுகிறது. ஒலியின் ஆற்றல் திடீரென எழும் இடங்களைக் குறித்துக்கொண்டு, அந்த வரைபடத்தின் பிரதி ஒன்றை மூலத்தின்மேல் வைத்து நகர்த்திப் பார்க்கிறது. எவ்வளவு நகர்த்தும்போது மேடுகள் மேடுகளோடு நன்றாகப் பொருந்துகின்றனவோ அதுவே துடிப்பின் இடைவெளி. ஆனால் ஒரு துடிப்பளவு நகர்த்தினாலும் பொருந்தும், இரு துடிப்பளவு நகர்த்தினாலும் பொருந்தும். அதனால் 140 பாட்டை 70 என்றும் 70-ஐ 140 என்றும் அது சொல்வதுண்டு. இயந்திரத் தாளம் இல்லாமல் கலைஞர்கள் நேரில் வாசித்துப் பதிந்த பழைய டிஸ்கோ, திரைப்பாடல்களில் வேகம் பாட்டுக்குள்ளேயே ஏறி இறங்கும். ஒற்றை எண்ணால் அதைப் பிடிக்க முடியாது. சிங்க் பொத்தான் இரு பாட்டின் வேகத்தையும் நொடியில் ஒன்றாக்கும். மென்பொருள் துடிப்பைக் குறித்த இடம் தவறாக இருந்தால் அந்தத் தவறோடேயே ஒன்றாக்கும். அதைக் கண்டுபிடிக்கக் காதுதான் வேண்டும். பத்தியைத் தேர்வதும் பேஸை மாற்றுவதும் அப்போதும் கையின் வேலையே.

இந்தப் பயிற்சி காதை உண்மையிலேயே மாற்றுகிறதா என்பதும் சோதிக்கப்பட்டிருக்கிறது. கனடாவின் மெக்மாஸ்டர் பல்கலைக்கழகத்தில் பிளேக் பட்லர், லாரல் டிரெய்னர் இருவரும் தொழில்முறை டிஜேக்களையும் தாளவாத்தியக் கலைஞர்களையும் இசைப் பயிற்சி இல்லாதவர்களையும் ஒப்பிட்டு 2015-ல் முடிவுகளை வெளியிட்டனர். தாளத்தில் ஓர் ஒலி தன் இடத்தில் விழுந்ததா, தப்பியதா என்று கண்டறிவதில் டிஜேக்கள் தாளவாத்தியக் கலைஞர்களுக்கு நிகராக நின்றார்கள். பயிற்சி இல்லாதவர்களைவிடத் தெளிவாக முன்னே இருந்தார்கள். வாத்தியம் எதையும் தொடாமல், விலகலைக் கேட்டுத் திருத்தும் பழக்கத்தாலேயே காது கூர்மை பெறுகிறது என்பதற்கு இது வலுவான குறிப்பு.

கற்பவருக்கு இதிலிருந்து ஒரு வரிசையும் கிடைக்கிறது. முதலில் ஒரே பாட்டின் இரு பிரதிகளில் விலகலைக் கேட்கப் பழகுதல், பிறகு வேகம் ஒத்த இரு பாட்டுகளில் இடத்தை மட்டும் திருத்துதல், அதன்பின் ஸ்லைடரைப் பாதியாக்கி வேகத்தைப் பிடித்தல், பத்தியை எண்ணுதல், கடைசியில் பேஸை மாற்றுதல். திரையில் தெரியும் பிபிஎம் எண்ணை மறைத்துவைத்துப் பழகி, முடித்தபின் அதைத் திறந்து சரிபார்த்துக்கொள்ளலாம்.